ஆடிச் சீராக வந்த பிரேக்

வாங்கி வந்த அன்றே அந்தக் காரின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ரோடு தெரிந்தது. பல்லடத்திலிருந்து கோயமுத்தூருக்கு வந்துகொண்டிருந்தோம். காலடியில் போட்டிருந்த சாக்கை என் மனைவி எதற்கோ விலக்கினாள். உள்ளங்கை அளவு துவாரம். அதற்குக் கீழே தார் ரோடு சாம்பல் நிற வாய்க்கால் போல ஓடிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, ரோடு நம்மகூடவே வருதுங்க," என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வேகத்தைக் குறைத்தேன். அவள் செருப்புக்கும் ரோட்டுக்கும் நடுவில் துருப்பிடித்த ஒரு தகடுதான் இருந்தது. அதுவும் எல்லா இடத்திலும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை மாதம் அது. காருக்கு அப்போதே பத்து வயதுக்கு மேல். இந்த நாட்டுக் குடும்பங்களை ஸ்கூட்டரிலிருந்து இறக்கிக் கார் சீட்டில் உட்காரவைத்த அதே சின்ன வண்டிதான், முதன்முதலில் வந்த மாடல். மூக்கு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. முதுகு வெட்டிவிட்டதுபோலச் சட்டென்று முடிந்துவிடும். பின்கதவு மேல்பக்கமாகத் திறக்கும். விற்றவர் கோழிப்பண்ணைக்காரர். பின் சீட்டைக் கழற்றிப்போட்டு, முட்டை அட்டைகளை அடுக்கிக் கடைகடையாகக் கொண்டுபோன வண்டி. காற்று வரும் துவாரத்தைத் திறந்தால் சிறகுகள் பறந்துவந்து மடியில் விழும். வெயில் ஏற ஏறத் தீவன வாடை எழும்.

"முட்டையே ஒடஞ்சதில்லீங்க இந்த வண்டியில," என்றார் அவர். "உங்கூட்டு அம்மணிய நம்பி உக்கார வெக்கலாம்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வாங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது.

என் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. வால்பாறைக்கு மாற்றல் ஆகியிருந்தது. அங்கே இன்னொரு டீச்சரோடு ஓர் அறையில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமைகளில் இறங்கி வருவாள். ஆழியாறிலிருந்து மேலே போக நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். எங்களுக்கு ஏற்கெனவே இரண்டு முறை கரு கலைந்திருந்தது. இரண்டாவது முறை, அந்த மலையிலிருந்து அவள் பஸ்ஸில் இறங்கி வந்துகொண்டிருந்தபோது. பஸ்ஸின் மேல் குற்றமில்லை, வீட்டில் படுத்திருந்தாலும் நடந்திருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். அவர் சொன்னது புத்திக்குப் புரிந்தது, உடம்புக்குப் புரியவில்லை. வளைவுகளின் எண் எழுதிய பலகைகள் கண்ணை மூடினால் வந்து நின்றன. இனி பஸ் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். கார் ஆசை எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. பயம்தான் எனக்குக் கார் வாங்கிக் கொடுத்தது.

வண்டியைப் பார்க்க முதலில் வந்தவர் மச்சான், என் மனைவியின் அண்ணன். சிங்காநல்லூரில் மோட்டார் பம்புக்கு உதிரி பாகங்கள் கடைந்துகொடுக்கும் பட்டறை வைத்திருந்தார். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்தார், தட்டினார், கதவுக்குக் கீழே ஓரிடத்தில் விரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது.

"மாப்பிள்ளை, கார் வாங்குனீங்களா, சல்லடை வாங்குனீங்களா?"

"கம்பெனிக்கே கொண்டுபோய் உட்டரலாமுங்களா, மச்சான்?"

"கம்பெனிக்கா? ரெண்டு லேத்த வெச்சுக்கிட்டு நான் ஒருத்தன் இங்க என்னத்துக்குங்க உக்காந்திருக்கறேன்? ஊரே சிரிக்குமுங்க."

அது எங்கள் ஊரின் குணம். ஒரு பொருளைக் கடையில் வாங்குவது கோயமுத்தூர்க்காரனுக்குக் கொஞ்சம் தோற்றுப்போவது மாதிரி. கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். இதையெல்லாமா வாங்கறது, நாமளே செஞ்சுபோடலாம் என்பான். செய்தும் விடுவான். பெரும்பாலும் அது நன்றாகவே இருக்கும். பெரும்பாலும்.

அந்த வருஷம் மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளும் அந்தப் பட்டறையில் கழிந்தன. பழைய தரையை வெட்டி எடுத்தார். வண்டி எலும்புக்கூடாக நின்றது. புதுத் தகடு வைத்து வெல்டிங் அடிக்கும்போது நீல வெளிச்சம் சுவரில் துடிக்கும், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தகட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வேன். கதவுக் கீலுக்குப் புது ஆணி கடைந்தார். கண்ணாடி ஏற்றி இறக்கும் பல்சக்கரத்தைப் பித்தளையில் செய்தார். பின் சீட்டுக்குப் பொள்ளாச்சித் தேங்காய் நார் அடைத்தோம். வெளிச்சம் அதிகம் தரும் விளக்குகள் போட்டோம், பஸ்ஸுக்குக் கேட்கிற மாதிரி ஒரு ஆரன் வைத்தோம். கடைசியில் தந்த நிறத்தில் பெயிண்ட். முதல் கோட் காய்ந்துகொண்டிருந்த மத்தியானம், வேப்பம்பூ உதிர்ந்து அதன்மேல் ஒட்டிக்கொண்டது. மச்சான் ஒவ்வொரு பூவையும் ஊசிமுனையால் எடுத்தார். அவ்வளவு பொறுமை. அவ்வளவு பிரியம். இதை நான் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் வருவதைப் படித்துவிட்டு அவரைப் பற்றி வேறுவிதமாக யாரும் நினைத்துவிடக் கூடாது.

பங்குனியில் ஒரு நாள் என் மனைவி பட்டறை வாசலில் நின்று, நாள் தள்ளிப்போயிருப்பதாக என் காதில் மட்டும் சொன்னாள். லேத்து ஓடிக்கொண்டிருந்தது. இரும்புச் சுருள்கள் விழுந்துகொண்டிருந்தன. மூன்றாவது முறை. சந்தோஷம் வருவதற்கு முன்னால் பயம் வந்து இடம் பிடித்துக்கொண்டது.

ஆனியில் பள்ளி திறந்தது. டாக்டரம்மா பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அவளைப் பார்க்க வேண்டும் என்றார். நான் மலை ஏறி அவளைக் கூட்டி வந்து, ஞாயிறு திரும்பக் கொண்டுபோய் விடுவேன். மலையில் அப்போது மழைக்காலம். மேகம் ரோட்டிலேயே படுத்துக் கிடக்கும். பழைய மாடல் என்பதால் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். தண்ணீர் உள்ளே போய்விட்டால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்லாது. ஒரு தடவை பள்ளத்துப் பக்கம் இழுத்தது. அந்த வாரம் மச்சான் வீட்டில் சாப்பிடும்போது என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"பிரேக்கு மேலதானுங்க எனக்குப் பயமா இருக்குது, மச்சான்."

அவர் கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அடுத்த வாரமே ஒரு சாக்குப் பையோடு வந்தார். அடிபட்டு உடைக்கப்போன புது மாடல் வண்டி ஒன்றின் முன்சக்கரங்களிலிருந்து கழற்றிய டிஸ்க் பிரேக். டிரம்முக்குப் பதிலாக ஒரு வட்டத் தகடு, அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் ஒரு கிடுக்கி. பெடலை மிதித்தால் எண்ணெய் தள்ளும், எண்ணெய் ஒரு சின்னப் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் தகட்டைக் கவ்வ வைக்கும். அந்தப் பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது அதுதான்.

பழைய வளையங்கள் வெடித்திருந்தன. மச்சான் மேசையின் இழுப்பறையைத் திறந்தார். பம்புக்குப் போடும் வளையங்கள் அளவு வாரியாகக் கம்பியில் கோத்துக் கிடந்தன. ஒன்றை எடுத்துப் பொருத்தினார். அளவெடுத்துச் செய்ததுபோலப் போய் உட்கார்ந்தது.

"பாத்தீங்களா, மாப்பிள்ளை! நூறடிக் கெணத்துல வருசக்கணக்கா தண்ணிக்குள்ளயே கெடக்கற ரப்பருங்க இது. மலையாவது, மழையாவது!"

"நெம்ப சந்தோசமுங்க, மச்சான்."

"எங்கிட்ட என்னத்துக்குங்க சந்தோசம் சொல்றீங்க? ஆடி பொறந்திருக்குது. தங்கச்சிக்கு நான் செய்யற ஆடிச் சீருன்னு வெச்சுக்குங்க."

துணியும் பலகாரமும் தட்டில் வைத்துக் கொடுக்கிற சீரை அவர் இரும்பில் கொடுத்தார். மிதித்த இடத்திலேயே வண்டி நின்றது. பெடலைத் தொட்டாலே போதும். இரண்டு பயணம் நான் பயப்படவில்லை. அந்த வருஷத்தில் நான் பயப்படாத நாட்கள் அவைதான்.

மூன்றாவது பயணத்தில் கிணத்துக்கடவில் இளநீர் குடிக்க நிறுத்தினோம். வண்டியைச் சுற்றி வரும்போது இடது முன்சக்கரத்தின் மேல் கை பட்டது. சுட்டது. வெயில் என்றால் நான்கும் சுட வேண்டும். பின்சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தேன், வெறும் இளஞ்சூடு. வலது முன்சக்கரம் அதைவிடக் கொஞ்சம் அதிகம். இடதில் கை வைக்க முடியவில்லை.

"என்னங்க, டயர தடவிக்கிட்டு நிக்கறீங்க?" என்றாள் அவள், இளநீரை வாயிலிருந்து எடுக்காமல்.

"ஒண்ணுமில்ல. கல்லு எதாச்சும் மாட்டியிருக்குதான்னு பாத்தேன்."

அவளிடம் சொன்ன முதல் பொய் அதுவாக இருக்காது. ஆனால் ஞாபகம் இருப்பது அதுதான்.

அதற்குப் பிறகு என் காதுகள் அந்தச் சக்கரத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டன. சமதளத்தில் கியரை விலக்கிவிட்டால் உருண்டு போகிற வண்டி, இப்போது கொஞ்ச தூரத்திலேயே தயங்கி நின்றது. யாரோ சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது போல. மெலிதாக ஒரு தீய்ந்த வாடை. பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கிறது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. நான் ஒன்றும் ஏமாளி இல்லை. நூல் மில்லில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. நாளெல்லாம் நூலை அளந்து, இது ஆகாது, இதைத் திருப்பி அனுப்பு என்று சொல்லிச் சொல்லியே சம்பளம் வாங்குகிறவன். அந்த ஒரு வார்த்தையை மச்சானிடம் போய்ச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

போனேன். பட்டறையில் பம்பு உதிரி வாங்க வந்த இரண்டு பேர் நின்றிருந்தார்கள். என் வண்டி உள்ளே நுழைந்ததும் மச்சானின் முகம் மலர்ந்தது.

"இதானுங்க நான் சொன்ன வண்டி. முன்னால ரெண்டுக்கும் டிஸ்குங்க! இந்த மாடலுக்குக் கம்பெனிக்காரனே போட்டதில்ல. ஏனுங்க மாப்பிள்ளை, எப்படி புடிக்குதுங்க?"

மூன்று முகங்களும் என் பக்கம் திரும்பின.

"நல்லா புடிக்குதுங்க, மச்சான்."

"மாப்பிள்ளைக்கு ஆக்சிலேட்டரு தேயவே தேயாதுங்க," என்றார் மச்சான் அவர்களிடம். "அஞ்சு வருசம் கழிச்சு அத அப்படியே எடுத்துப் புது வண்டிக்குப் போட்டுக்கலாம். பிரேக்கு மட்டுந்தான் அவருக்கு வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அப்புறம் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். கள்ளத்தனமாக, மில்லில் பாதி நாள் லீவு போட்டுவிட்டு. அவர் சக்கரத்தைக் கழற்றும் முன்பே, இந்த மாடலில் டிஸ்க் எப்படி என்று கேட்டார். யார் செய்த வேலை என்று சொன்னேன். கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

"அட, அவுங்க கையிங்களா? நான் தொடமாட்டனுங்க. நாளைக்கு ஒரு கல்யாணத்துல மூஞ்சிக்கு மூஞ்சி பாக்கணுமுல்லங்க. நீங்க அவுங்களையே ஒருக்கா கேட்டுருங்களே."

ஊர் முழுக்க மரியாதை இருந்தது. எல்லோரும் எல்லோருக்கும் இடம் விட்டார்கள். அந்த இடத்தில்தான் என் மனைவி உட்கார்ந்து போய் வந்துகொண்டிருந்தாள்.

மூன்று வாரம். எத்தனையோ காலைகளில் கண்ணாடி முன் நின்று, சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். "மச்சான், ஒரு சின்ன விசயமுங்க." அதற்கு மேல் வாக்கியம் நகராது. சீரைக் குறை சொன்னவன் என்று ஆகிவிடும். பயமாக இருக்கிறது என்று நானே கேட்டு வாங்கிய பொருளை, இதுவும் பயமாக இருக்கிறது என்று எப்படித் திருப்பிக் கொடுப்பது? இன்னும் ஒரே ஒரு தடவை. அவளுக்கு ஏழாம் மாதம், பிரசவ லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. கடைசியாக ஒரு தடவை கூட்டி வந்துவிட்டால் போதும், பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். இப்படித்தான் கணக்குப் போட்டேன்.

புரட்டாசி. மழை விட்டு, மலை கழுவிவைத்ததுபோல இருந்தது. அவளுடைய பெட்டி, பாய், பிள்ளைகள் கொடுத்த காகிதப் பூ எல்லாவற்றையும் பின்கதவைத் தூக்கி அடுக்கினோம். காலை பத்து மணிக்கு மேல் இறங்கத் தொடங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் ஒரு எண். இறங்க இறங்கக் குறையும். முப்பது வரை இரண்டாம் கியரிலேயே வந்தேன். பெடலைத் தொடுவதற்கே பயம், தொடாமல் இருப்பதற்கும் பயம். அவள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். தேயிலை முடிந்து காடு தொடங்கியது. தீய்ந்த வாடை கனமாகிக்கொண்டே வந்தது.

"என்னமோ கருகற வாசன வருதுங்களே?"

"முன்னால போன லாரியா இருக்கும்."

முன்னால் லாரி எதுவும் போகவில்லை.

பதினேழாவது வளைவின் பலகை தெரிந்தது. பெடலை மிதித்தேன். கால் போய்க்கொண்டே இருந்தது. எதுவும் தடுக்கவில்லை. தண்ணீரில் கால் வைத்ததுபோலத் தரை வரைக்கும் போனது. தூக்கி மறுபடி மிதித்தேன். அதே தண்ணீர். கீழேயிருந்து ஒரு பஸ் வளைவை அகலமாக எடுத்துக்கொண்டு ஏறி வந்தது. அதன் கண்ணாடி முழுக்க வானம். எங்கள் இடது பக்கம் முட்டி உயரச் சுவர், அதற்கு அப்பால் ஆழியாறு அணை ஒரு தட்டில் ஊற்றிய நீலம் போலக் கிடந்தது. சுவரின் மேல் ஒரு வரையாடு நின்று, மென்றுகொண்டே எங்களைப் பார்த்தது.

ஆரனில் கையை வைத்து அழுத்தினேன். முதல் கியருக்குத் தள்ளினேன், பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு உள்ளே போனது. எஞ்சின் கத்தியது. கை பிரேக்கை இழுத்தேன். பின்சக்கரங்கள் அலறின. பஸ் நின்றுவிட்டது. அந்த டிரைவர் நின்றதால்தான் இதை எழுத நான் இருக்கிறேன். பஸ்ஸுக்கு முன்னால் கிடைத்த சின்ன இடைவெளியில் வலது பக்கம் ஒடித்தேன். மலைப்பக்கத்து ஓடையில் இரண்டு சக்கரம் இறங்கி, மண்சுவரில் பக்கவாட்டு முழுக்க உரசிக்கொண்டு போய் வண்டி நின்றது.

சத்தம் எல்லாம் அடங்கியது. அவள் ஒரு கையை முன்னால் ஊன்றியிருந்தாள், இன்னொரு கை வயிற்றில்.

"அடி பட்டுச்சா கண்ணு? எங்கயாச்சும் அடி பட்டுச்சா?"

"பேசாதீங்க," என்றாள். "கொஞ்ச நேரம் பேசாம இருங்க."

அவள் உள்ளே கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று புரிந்தது. குழந்தை அசைகிறதா என்று. நானும் மூச்சை நிறுத்திக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தேன். அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. முன்சக்கரத்திலிருந்து புகை மெல்ல எழுந்து கண்ணாடியைக் கடந்து போனது. பஸ் டிரைவர் இறங்கி வந்து குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க, டிஸ்கு செவந்து கெடக்குது! பிரேக் ஆயிலு கொதிச்சு ஆவியாயிருச்சு, அப்பறம் பெடலு எங்க நிக்கும்? இப்படிப் புடிச்ச புடியோடவா மலை எறங்குவீங்க?" என்றவர், அவள் வயிற்றைப் பார்த்ததும் குரலை இறக்கினார். "என்னங்க அம்மணி, கொழந்த அசையுதுங்களா?"

"அசையலீங்க," என்றாள் அவள்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. டிரைவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடலைமிட்டாயை எடுத்து நீட்டினார். "இனிப்பு உள்ள போனா அசையுமுங்க. எங்கூட்டுல அப்படித்தான்." அவள் அதை வாங்கிச் சின்னப் பிள்ளைபோல மென்றாள். தண்ணீர் குடித்தாள். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல்களில் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். நான் ஓடையில் கால் வைத்து நின்றுகொண்டு, கேட்காத தெய்வத்திடமெல்லாம் கேட்டேன். இல்லை, கேட்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தேன். நான் பொய் சொன்ன தடவைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"இதா," என்றாள்.

என் கையைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து ஒரு உதை. அப்புறம் இன்னொன்று.

இறங்கிக்கொண்டிருந்த எஸ்டேட் ஜீப் ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டது. பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா குழல் மாதிரி ஒன்றை வயிற்றில் வைத்துக் கேட்டுவிட்டு, என்னையும் கேட்கச் சொன்னார். தூரத்தில் ஒரு விசைத்தறி ஓடுவது போல இருந்தது. வேகமாக, விடாமல்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அவள் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"எத்தன நாளா?"

"மூணு வாரமா."

"அண்ணன் சங்கடப்பட்டுக்குவாருன்னா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"எங்கிட்டக்கூடச் சொல்லலியே," என்றாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வாடகைக் காரில் சிங்காநல்லூர் போய்ச் சேர்ந்தோம். மச்சான் லேத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்.

"அண்ணா, வண்டி மலையில நின்னுபோச்சு," என்றாள் அவள். "மீதிய இவரு சொல்லுவாரு." சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

சொன்னேன். சக்கரம் சுட்டது, வாடை வந்தது, பெடல் கீழே போனது, பஸ். எல்லாம் சொன்னேன். அவர் கையிலிருந்த கழிவு நூலால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எப்பவிருந்து சுட்டுதுங்க?"

"மூணு வாரமாவே சுட்டுதுங்க."

"இங்க வெச்சுக் கேட்டனே. நல்லா புடிக்குதுன்னு சொன்னீங்களே."

"சொன்னனுங்க."

"என்னத்துக்குங்க அப்படிச் சொன்னீங்க?"

"சீராக் குடுத்தது, மச்சான். எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்க."

அவர் துடைப்பதை நிறுத்தினார்.

"சீரு அவளுக்குங்க, மாப்பிள்ளை. உங்களுக்கில்ல."

கழிவு நூலை வீசிவிட்டுத் தங்கச்சியைப் பார்க்க வீட்டுக்குள் போனார். திங்கட்கிழமை ஒரு டெம்போவில் வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். அவரே பிரித்தார். பிஸ்டன் சுத்தியலுக்குத்தான் வெளியே வந்தது. ரப்பர் வளையம் ஊறவைத்த கொண்டைக்கடலை போல உப்பிக் கிடந்தது. அவர் அதை நம்பவில்லை. இழுப்பறையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து, டம்ளரில் பிரேக் ஆயிலை ஊற்றி அதில் போட்டு, மேலே ஒரு ஓட்டுத் துண்டை வைத்து மூடினார். மறுநாள் மத்தியானம் நான் போனபோது டம்ளர் திறந்திருந்தது. வளையம் இருமடங்கு பருத்திருந்தது. மச்சான் அதைப் பழைய இடத்தில் பொருத்திப் பார்க்க முயன்றுகொண்டிருந்தார், பொருந்தாது என்று தெரிந்தும்.

"தண்ணிக்கு ஒண்ணும் ஆகாதுங்க," என்றார் டம்ளரைப் பார்த்தபடி. "பிரேக் ஆயிலுக்கு வேற ரப்பராமா. இன்னைக்குத்தான் கடைக்காரங்க சொன்னாங்க. நான் அவுங்களக் கேட்டிருக்கோணும். கேக்கறதுக்கு எனக்கு என்னமோ..."

அவருக்கும் ஒரு வாய் திறக்காத இடம் இருந்திருக்கிறது. கடைக்காரனிடம் போய், இது எனக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டிய இடம்.

வண்டியை விற்றுவிடலாம் என்றேன். பின்வாசலில் நின்றிருந்த என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

"விக்க வேண்டாம். நான் இந்தக் கார்லதான் ஆஸ்பத்திரிக்குப் போவேன்," என்றாள். "ரெண்டு பேரும் ஒழுங்கா பாத்து வெச்சுருங்க. மரியாதையா இருந்து இருந்து என்னையப் பாதி வழியில உட்டுப்போடாதீங்க."

அப்படித்தான் போனாள், மார்கழியில், பட்டப்பகலில். மகள் பிறந்தாள். ஆனால் எனக்கு அதைவிடத் தெளிவாக நினைவிருப்பது கடையில் வாங்கிய சரியான வளையங்களைப் போட்டுவிட்டு நாங்கள் இருவரும் பிரேக் எண்ணெயில் புகுந்திருந்த காற்றை வெளியேற்றிய அந்த ஞாயிறுதான். அந்த வேலையை ஒரு ஆள் செய்ய முடியாது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு திருகைத் திறந்து மூட வேண்டும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. குரல் மட்டும்தான்.

"மிதிங்க."

"மிதிச்சுட்டனுங்க."

"புடிச்சுக்குங்க. உடாதீங்க. எறங்குதுங்களா?"

"எறங்குதுங்க."

"சரி, உடுங்க. இன்னொருக்கா."

எண்ணெயில் குமிழிகள் வந்தன, குறைந்தன, நின்றன. என் மனைவி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து, முதுகு மண்ணைக்கூடத் தட்டாமல், ஜன்னலருகே வந்து நின்றார். முகமெல்லாம் எண்ணெய். நான்கு நாள் தூங்காத கண்கள்.

"இப்ப எப்படி இருக்குதுங்க, மாப்பிள்ளை?"

மிதித்துப் பார்த்தேன். கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் கடைசியில், ஒரு நூல் அளவு, பெடல் இளகியது. அதை நான் கற்பனை செய்கிறேனா என்று தெரியவில்லை. அவள் தின்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"இல்லீங்க, மச்சான்," என்றேன். "இன்னும் கொஞ்சம் எறங்கற மாதிரி இருக்குதுங்க."

அவர் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஸ்பானரை எடுத்துக்கொண்டு மறுபடி சக்கரத்தடியில் படுத்தார்.

"மிதிங்க," என்றது குரல்.